ஒரே கடைக்கு எழுதிக்கொடுத்த விளையாட்டுகள்: கணினி விளையாட்டுச் சந்தையின் போட்டி மடுல்சீமைக்கு என்ன தந்தது?

2019 ஜனவரி 28ஆம் திகதி. 'மெட்ரோ எக்ஸோடஸ்' வெளிவர மூன்று கிழமைகூட இருக்கவில்லை. ஸ்டீம் கடையில் அதற்கு முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த விளையாட்டு ஸ்டீமின் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, திறந்து இரண்டு மாதமும் ஆகாத எபிக் கேம்ஸ் ஸ்டோருக்குப் போனது. ஓராண்டுக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கொடுத்தார்கள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அதே தொடரின் பழைய விளையாட்டுகளின் பக்கங்களில் போய் ஆயிரக்கணக்கானோர் கண்டனங்களை எழுதிக் குவித்தார்கள்.

அந்தச் செய்தியில் பலரும் கடந்து போன ஒரு வரி உண்டு. எபிக் குறைந்த தரகு எடுப்பதால், அமெரிக்காவில் விலை 59.99 டொலரிலிருந்து 49.99 டொலருக்கு இறங்கியது. ஐரோப்பாவில் அது 59.99 யூரோவாகவே நின்றது. போட்டி வந்தால் விலை குறையும் என்ற பொருளாதாரப் பாடம் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அந்த எல்லைக்கு வெளியே, பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் இருந்துகொண்டு கேட்கும் கேள்வி இதுதான்: ஆறேழு ஆண்டுகளாக நடக்கும் இந்தக் கடைச் சண்டையில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன?

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே கடையில் மட்டும் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது எபிக் அல்ல. வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீமைத் தொடங்கியது. 2004 நவம்பரில் அதன் 'ஹாஃப் லைஃப் 2' வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கியவர்கள்கூட ஸ்டீமை நிறுவினால்தான் விளையாட முடிந்தது. அன்று அதைச் சபித்தவர்கள் ஏராளம். பத்தாண்டில் அந்தச் சாபம் பழக்கமாக மாறி, ஸ்டீம்தான் கணினி விளையாட்டுச் சந்தை என்றாகிவிட்டது. விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு என்ற கணக்கையும் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. 2011இல் இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் ஒரிஜின் கடையைத் திறந்து, புதிய விளையாட்டுகளை ஸ்டீமுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. எட்டு ஆண்டுக்குப் பிறகு, 2019 இறுதியில், மறுபடி ஸ்டீமுக்கே வந்து சேர்ந்தது. யுபிசாஃப்ட் 2019இல் எபிக்கின் பக்கம் போய், 2022 கடைசியில் திரும்பியது. சொந்தத் தயாரிப்பைச் சொந்தக் கடையில் மட்டும் விற்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. வால்வின் விளையாட்டுகள் எபிக்கில் இல்லை, எபிக்கின் 'ஃபோர்ட்நைட்' ஸ்டீமில் இல்லை. மற்றவர் செய்த விளையாட்டைப் பணம் கொடுத்துத் தன் கடைக்குள் அடைத்து வைப்பதில்தான் தகராறு.

எபிக் அதை எப்படிச் செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 30ஆம் திகதி வால்வ் தன் தரகைப் படிப்படியாக்கியது. விற்பனை 1 கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதில் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். பெரிய கம்பனிகளுக்குச் சலுகை. சின்னவருக்கு அதே 30. ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 6இல், எபிக் கடை திறந்தது. எல்லோருக்கும் 12 சதவீதம் என்றது. தன் அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டென்றால், அதற்குரிய 5 சதவீத ராயல்டியையும் தன் கடை விற்பனைக்கு விட்டுக்கொடுத்தது. 60 டொலர் விளையாட்டில் ஸ்டீமுக்கு 18 டொலர் போகும் இடத்தில் எபிக்குக்கு 7.20. மிச்சம் 10.80 டொலர் தயாரித்தவர் கையில். இது சிறிய தொகையல்ல. ஒரு சின்னக் குழு அடுத்த விளையாட்டைத் தொடங்குவதா, கடையைப் பூட்டுவதா என்பதை இது தீர்மானிக்கும்.

தரகு மட்டும் வாடிக்கையாளரை இழுக்காது என்று எபிக்குக்குத் தெரியும். பத்து, பதினைந்து ஆண்டாகச் சேர்த்த விளையாட்டுகள், நண்பர் பட்டியல் எல்லாம் ஸ்டீமில் கிடக்கும்போது யார் வீடு மாறுவார்? ஆகவே குறைந்தபட்ச உத்தரவாதம் என்ற வழியை எடுத்தது. இத்தனை பிரதி விற்காவிட்டாலும் இத்தனை பணம் உனக்கு நிச்சயம். பதிலுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ வேறு கடையில் வைக்காதே. 'கன்ட்ரோல்' விளையாட்டுக்கு இப்படிக் கிடைத்த தொகை 94.9 இலட்சம் யூரோ என்பதை அதன் வெளியீட்டாளரின் தாய்க் கம்பனியான இத்தாலியின் டிஜிட்டல் புரோஸ் தன் கணக்கறிக்கையில் வெளியிட்டது. மலையகத்தில் முற்பணம் என்றாலே நமக்குக் கங்காணியின் முற்பணமும் துண்டு முறையும் நினைவுக்கு வரும். ஆளையே தோட்டத்தோடு கட்டிப்போட்ட கடன் அது. எபிக்கின் முற்பணம் ஓரிடத்தில் அதிலிருந்து அடியோடு வேறுபடுகிறது. விளையாட்டு விற்காவிட்டால் நட்டம் கடைக்காரருடையது. தயாரித்தவர் எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதனால்தான் சின்னக் குழுக்கள் அதை இரு கையாலும் வாங்கின. 'ஊப்லட்ஸ்' செய்த இருவர் குழு 2019 ஓகஸ்டில் இப்படி ஒப்பந்தம் போட்டதாக அறிவித்ததற்கு, இணையத்தில் அவர்கள் பட்ட வசவும் மிரட்டலும் எந்த வகையிலும் நியாயமில்லாதவை. அதே மாதம் 'டார்க்' விளையாட்டின் தயாரிப்பாளர், ஸ்டீமில் வரும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன், வாக்கு மாற மாட்டேன் என்று எபிக்கின் அழைப்பை மறுத்தார். இரண்டு பேர் நிலையும் எனக்குப் புரிகிறது. பணத்தை வாங்குவது தவறில்லை. வாக்குக் கொடுத்த பிறகு வாங்குவதுதான் தவறு.

அந்தத் தவறு நடக்கத்தான் செய்தது. 'ஃபீனிக்ஸ் பொயின்ட்', 'ஷென்மூ 3' இரண்டும் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிச் செய்தவை. ஸ்டீம் பிரதி தருவோம் என்று சொல்லித் திரட்டிய பணம். 2019இல் இரண்டும் எபிக்குக்கு மாறின. எதிர்ப்பு எழுந்த பிறகு கேட்டவர்களுக்குப் பணம் திருப்பப்பட்டது. வெளியீட்டு ஒப்பந்தம் முன்பதிவுக்கு முன்பா, பின்பா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால், 2019இன் சண்டைகளில் முக்கால்வாசி தெளிந்துவிடும்.

இனி விலைக்கு வருவோம். தரகு 30இலிருந்து 12 ஆனால், வாங்குபவருக்கு ஏன் குறையவில்லை? 2021 ஏப்ரலில் வுல்ஃபயர் கேம்ஸ் நிறுவனம் வால்வ் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஸ்டீமில் விற்கும் விளையாட்டை மற்றக் கடையில் மலிவாக விற்க வால்வ் விடுவதில்லை, அதனால்தான் குறைந்த தரகுள்ள கடையாலும் விலையைக் குறைக்க முடியவில்லை என்பது அந்த வழக்கின் சாரம். வால்வ் இதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் இதைக் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு எப்படி வந்தாலும், 2018க்குப் பிறகான விலைப் பட்டியல்கள் நமக்குக் காட்டுவது ஒன்றுதான்: இரண்டு கடையிலும் பெரும்பாலும் ஒரே விலை.

இந்தச் சண்டையில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு நேராக விழுந்த அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போலந்தின் ஜிஓஜி கடை, பூட்டில்லாத விளையாட்டுகளை விற்பது. இணைப்பில்லாமலே நிறுவக்கூடிய கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடை நியாய விலைத் திட்டம் ஒன்று வைத்திருந்தது. உங்கள் நாட்டு விலை அமெரிக்க விலையைவிட அதிகமென்றால், வித்தியாசத்தைக் கடை தன் பங்கிலிருந்து உங்கள் கணக்கில் வரவு வைக்கும். 2019 மார்ச் 31ஆம் திகதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு கூடிவிட்டது, இனித் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். தரகுப் போட்டி தொடங்கி நான்கு மாதத்தில், தூரத்து நாட்டு வாங்குநருக்கு இருந்த ஒரு பாதுகாப்பு போய்விட்டது. தயாரிப்பாளர் பங்கு கூடியதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூடுதல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

மடுல்சீமையின் கணக்கு வேறு. 60 டொலரை 300 ரூபாவால் பெருக்கினால் 18,000 ரூபா. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. பதின்மூன்று நாள் கொழுந்து பறித்தாலும் ஒரு விளையாட்டுக்குப் போதாது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1550 ரூபாவும் அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் என்றது. அப்போதும் பத்து நாள் வேலைக்கு மேல் வேண்டும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்து, அந்த மே மாதம் 360ஐத் தொட்டபோது, எந்தக் கடையும் எந்த விலையையும் மாற்றாமலே இங்கே விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. எபிக்கா ஸ்டீமா என்ற கேள்விக்கு அந்த ஆண்டில் இங்கே எந்த அர்த்தமும் இருக்கவில்லை.

ஸ்டீம் இந்தியாவுக்கு 2015 நவம்பரிலேயே இந்திய ரூபாயில் விலை போட்டது. இலங்கை, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஐந்தையும் சேர்த்துத் தெற்காசியா என்று ஒரு வட்டாரமாக்கி, அதற்குத் தனி டொலர் விலை வைக்க இடம் கொடுத்திருக்கிறது. அந்த விலையைப் போடுவது வெளியீட்டாளர். சிலர் வால்வ் பரிந்துரைக்கும் குறைந்த விலையை வைக்கிறார்கள். சிலர் அமெரிக்க விலையையே ஒட்டிவிடுகிறார்கள். ஒரு விளையாட்டு ஓராண்டு எபிக்கில் மட்டும் என்றால், அந்த ஓராண்டுக்கு இன்னொரு கடையின் விலைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி நமக்கு இல்லை. ஒரே கடை வெளியீட்டின் உண்மையான நட்டம் இதுதான். எந்தக் கடையின் செயலியைத் திறப்பது என்ற தொல்லையெல்லாம் இதற்குப் பிறகு.

தொல்லையும் இல்லாமல் இல்லை. இங்கே வீட்டுக் கணினி என்பது பெரும்பாலும் கொழும்பில் அலுவலகம் கழித்த பழைய இயந்திரம். நாலாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், கிடைத்தால் ஒரு செகண்ட்ஹேண்ட் கிராபிக்ஸ் காட். அதில் இரண்டு கடைகளின் செயலி ஒரே நேரம் ஓடினால் விளையாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இணைப்பு என்பது பசறைப் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்த 4ஜி ரவுட்டர். நள்ளிரவுக்குப் பிறகு காலை வரை தனியாகக் கிடைக்கும் இரவு டேட்டாவை நம்பித்தான் பெரிய தரவிறக்கம் எல்லாம். 80 ஜிபி விளையாட்டை இரவு இரவாக இறக்குவார்கள். மார்கழி மழையில் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். விடியும்போது திரையில் 41 சதவீதம் என்று நிற்கும். அந்த வாரமே 20 ஜிபி அப்டேட் ஒன்று வரும். இங்குள்ள ஒருவர் ஜிஓஜியின் நிறுவும் கோப்பை ஒரு முறை இறக்கி வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால், கணினி பழுதானாலும் மறுபடி டேட்டா செலவழிக்க வேண்டியதில்லை. கொழும்பில் ஃபைபர் இணைப்பில் இருப்பவருக்கு இது பெரிய விடயமில்லை. இங்கே இதுவே கடையைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

கடைகள் தங்களுக்குள் அடைத்து வைத்ததைவிடக் கடுமையான ஒரு தடை நாட்டின் பெயரால் வருகிறது. 'ஹெல்டைவர்ஸ் 2' 2024 பெப்ரவரியில் ஸ்டீமில் வந்தது. மே மாத முதல் வாரம், பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்குச் சேவை அதிகாரபூர்வமாக இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அதில் ஒன்று. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே கட்டாயத்தைக் கைவிட்டார்கள். விற்பனைத் தடையோ உடனே நீங்கவில்லை. அதே மாதம் கணினிக்கு வந்த 'கோஸ்ட் ஒஃப் சுஷிமா'வுக்கும் அதே கதி. மைக்ரோசொஃப்ட் தன் பிசி கேம் பாஸ் சந்தாவை 2023இல் 40 புதிய நாடுகளுக்கு விரித்தது. அந்தப் பட்டியலில் மால்டாவும் லிக்டென்ஸ்டைனும் உண்டு, இலங்கை இல்லை. எபிக்கின் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு உலகமே கொதித்தது. ஓராண்டு கழித்து அந்த விளையாட்டு எல்லாக் கடைக்கும் வந்துவிடும். நாட்டின் பெயரால் பூட்டப்பட்ட கதவுக்குத் திகதி கிடையாது. ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில், வட்டாரப் பூட்டு வைத்ததற்காக வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஐரோப்பாவுக்குள் நடந்த பூட்டுக்குத்தான் அந்தத் தண்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் பிரிவு இருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் நினைவுக்கு வரும் அந்தச் சட்டம், வெளிநாட்டிலிருந்து விற்கப்படும் மென்பொருளுக்கும் நினைவுக்கு வர வேண்டும் என்பது என் கருத்து.

போட்டியால் நமக்கு நன்மையே வரவில்லை என்றால் அது பொய். எபிக் வாரம்தோறும் வியாழக்கிழமை ஒரு விளையாட்டையாவது இலவசமாகக் கொடுக்கிறது. 2020 மே மாதம் 'ஜிடிஏ 5'ஐக் கொடுத்த அன்று கூட்டம் தாங்காமல் கடையே முடங்கியது. பணம் கட்ட அட்டை இல்லாத பதினாறு வயதுப் பையனுக்கு அந்த வியாழக்கிழமைகள் ஒரு நூலகத்தைக் கட்டிக்கொடுத்தன. 2019 மே மாத விற்பனையில் 14.99 டொலரோ அதற்கு மேலோ விலையுள்ள ஒவ்வொரு விளையாட்டுக்கும் 10 டொலர் கழிவை எபிக் தன் கைப்பணத்தில் கொடுத்தது. 60 டொலர் விளையாட்டில் அது ஆறில் ஒரு பங்கு. 15 டொலர் விளையாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஏழை நாட்டு வாங்குநருக்கு இந்த வகைப் போட்டி உண்மையாகவே வந்து சேர்ந்தது. டிவிடியில் எழுதிய கிராக் பிரதிதான் எங்கள் தலைமுறையின் கடை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அதைக் குற்றம் என்றபோதும் அது ஒழியவில்லை. சட்டத்தால் முடியாததை இலவச விளையாட்டுகளும் பருவகாலத் தள்ளுபடிகளும் ஓரளவு செய்தன என்றே நினைக்கிறேன். தன் பெயரில் கணக்கு, தன் பெயரில் நூலகம் என்ற பெருமை ஒரு பிள்ளைக்கு உண்டாகிவிட்டால் அவன் டிவிடிக்குத் திரும்புவதில்லை.

எபிக் செலவழித்த இரண்டு வழிகளில் எது பலித்தது என்பதற்கு அதன் சொந்தக் கணக்கே சாட்சி. கடையில் மற்றவர் விளையாட்டுகளுக்கு வாடிக்கையாளர் செலவழித்தது 2019இல் 25.1 கோடி டொலர். 2024இல் 25.5 கோடி. இடையில் ஒரு முறை 35 கோடியைத் தாண்டி மறுபடி இறங்கியது. 2023 நவம்பரில், கூகுளுக்கு எதிரான வழக்கில், கடை இன்னும் இலாபம் பார்க்கவில்லை என்று எபிக் தரப்பே சாட்சியம் சொன்னது. ஒரே கடை ஒப்பந்தங்களில் பல நல்ல முதலீடாக அமையவில்லை என்றும், இலவசத் திட்டம்தான் பிரமாதமாகப் பலன் தந்தது என்றும் தலைவர் டிம் ஸ்வீனி 2024இல் ஒத்துக்கொண்டார். ஸ்டீமிலோ 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அடைத்து வைத்த கதவு ஆட்களை உள்ளே கூட்டி வரவில்லை. அவர்கள் வெளியே காத்திருந்தார்கள். 'மெட்ரோ எக்ஸோடஸ்' 2020 பெப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தபோது அங்கேயே வாங்கினார்கள்.

நம்மவர் செய்த விளையாட்டுகளையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு செய்த 'ராஜி', பொதுமக்களிடம் பணம் திரட்டும் முயற்சி 2017இல் தோற்ற பிறகும் நின்று பிடித்து, 2020 ஓகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் மட்டும் வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபரில், கணினிக்கு வந்தது. இரண்டு மாதக் காத்திருப்பில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை; பெயர் தெரியாத ஒரு சின்னக் குழுவுக்கு ஒரு பெரிய கம்பனியின் மேடை கிடைத்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நான் மனமார ஆதரிப்பேன். டொரொன்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி வழியாகச் சொல்வது. 2023 ஜூலை 31ஆம் திகதி ஸ்டீமிலும் கொன்சோல்களிலும் ஒரே நாளில் வந்தது. கேம் பாஸ் சந்தாவிலும் அன்றே சேர்ந்தது. அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. சந்தா இருந்த நாடுகளில் இருந்தவர்கள் அதைத் தனியாகப் பணம் கட்டாமல் விளையாடினார்கள். தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ஒரு விளையாட்டுக்கு, தமிழர் வாழும் இலங்கையிலிருந்து அந்த வழி திறந்திருக்கவில்லை. ஸ்டீமில் வாங்கும் வழி இருந்தது, அது பெரிய ஆறுதல்.

அண்மைய மாற்றங்கள் இரண்டு. 2025 ஜூனிலிருந்து, ஒரு விளையாட்டு ஆண்டில் விற்கும் முதல் 10 இலட்சம் டொலருக்கு எபிக் தரகே எடுப்பதில்லை. பெரும்பாலான சின்னக் குழுக்கள் அந்த எல்லையை எட்டுவதே அரிது, ஆகவே அவர்களுக்கு இது முழுத் தரகு விலக்கு. இன்னொரு பக்கம், வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 18 சதவீத வற் வரி என்று இலங்கை 2025இல் சட்டம் திருத்தியது. 2018இல் எபிக் விட்டுக்கொடுத்ததும் நம் அரசு எடுக்க நினைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதைக் கவனிக்க வேண்டும்: 30க்கும் 12க்கும் இடையிலுள்ள வித்தியாசமும் 18தான். தரகு குறைந்த லாபம் தயாரிப்பாளருக்குப் போகிறது, வரி கூடும் சுமை வாங்குபவர் தலையில் விழப் போகிறது.

ஆகவே கேம் செய்யும் தமிழ் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். உங்கள் முதல் விளையாட்டுக்கு ஒரு கடை உத்தரவாதப் பணம் கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். அதை முன்பதிவு தொடங்கும் முன்பே வெளியே சொல்லுங்கள். தெற்காசிய விலைப் பெட்டியில் அமெரிக்க எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். கடை அனுமதித்தால், இணைப்பில்லாமல் நிறுவக்கூடிய கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பதுளைக்கு அப்பால் மலையேறிப் போகும் பாதையில், சிக்னல் இரண்டு கோடாகக் குறையும் இடத்தில், அதை இறக்கி வைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.